அங்கே நம்ம ஆள் யாரு? ஒரு வளவு, இரண்டு வெளிநாட்டு வீடுகள்

கானாடுகாத்தானிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரே வளவில் (பங்காளிகளுக்குப் பொதுவான பழைய பூர்வீக வீடு) பங்குள்ள இரண்டு பங்காளிகள், பதினோரு வருட இடைவெளியில் கடல் கடந்து ஆளுக்கொரு வீடு வாங்கினார்கள். மூத்தவர் 2013-ல் மலேசியாவின் ஜோகூரில் வாங்கினார். இளையவர் 2024-ல் துபாயில் வாங்கினார். இரண்டு கணக்கும் என் மேசை வழியாகப் போனவை. காரைக்குடியில் வருமான வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். இரு வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆள் தெரியாமலிருக்க உறவையும் தொகையையும் லேசாக மாற்றியிருக்கிறேன். சட்டம், வரி விகிதம், ஆண்டு எதிலும் கை வைக்கவில்லை.

மூத்தவரைப் பெரியவர் என்றும் இளையவரைச் சின்னவர் என்றும் சொல்லிக்கொள்வோம்.

வெளிநாட்டில் மனை, வீடு வாங்குவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: வாடகை வருமானம், ரூபாயின் வீழ்ச்சி, பிள்ளைகளின் படிப்பு, விசா, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காத எச்சரிக்கை. இந்த இரண்டு குடும்பத்திலும் இவை அத்தனையும் பேசப்பட்டன. ஆனால் கையெழுத்துப் போட வைத்தவை இவை அல்ல. பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் அதைத்தான் பதிவு செய்ய நினைக்கிறேன்.

வளவிலிருந்து தொடங்க வேண்டும்

செட்டிநாட்டு வீட்டை வெளியூர்க்காரர்கள் தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் வந்து பார்க்கிறார்கள். அந்த வீடு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வளவில் இன்றைக்கு இருபத்திரண்டு பங்கு. பட்டாலைக்கு (வீட்டுக் கூடத்துக்கு) மேலே ஓடு உடைந்து மழைத் தண்ணீர் இறங்குகிறது. ஓடு மாற்ற ஏழு லட்சம் ஆகும் என்று கொத்தனார் சொன்னார். ஏழு லட்சம் பெரிய தொகையே இல்லை. இருபத்திரண்டு பேரிடம் அதைப் பிரித்து வாங்குவதுதான் பாடு. ஒருவர் சிகாகோவில், ஒருவர் கோயம்புத்தூரில், இருவர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, ஒருவர் காலமாகி வாரிசுப் பெயர் இன்னும் ஏறவில்லை. மூன்று மழைக்காலம் போய்விட்டது. பட்டாலையில் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. துபாய் வீடு வாங்குமுன் ஓர் ஐப்பசியில் நான் போயிருந்தபோது சின்னவர் அதைத் தூக்கி முற்றத்தில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எம் பேருல மட்டும் இருக்கிற ஒரு சுவரு எனக்கு வேணும். அதுல ஆணி அடிக்க யாரையும் கேக்கக்கூடாது" என்றார்.

பேச்சு வாக்கில் சொன்னதுதான். ஆனாலும் அவர் துபாய் வீடு வாங்கியதற்கு நான் கேட்ட காரணங்களில் நேர்மையானது இதுதான் என்று நினைக்கிறேன். தனிப்பெயரில் வீடு வேண்டுமென்றால் சென்னையில் வாங்கலாமே என்று நானும் கேட்டேன். சென்னையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதில் அவர் தம்பி குடியிருக்கிறார். வாடகையும் கேட்க முடியாது, காலி செய்யச் சொல்லவும் முடியாது. உறவுக்காரர் கை எட்டாத தூரத்தில் சொத்து வேண்டும் என்ற ஆசை செட்டிநாட்டில் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. என் மேசைக்கு வரும் பல குடும்பங்களில் அதை நான் பார்த்திருக்கிறேன்.

பர்மாவைப் பற்றி இரண்டு தவறான பாடங்கள்

இங்கே வெளிநாட்டுச் சொத்து என்று வாயெடுத்தால் பர்மா வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். "நம்ம ஐயாமார் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் வச்சிருந்தாங்க, நமக்கு இதெல்லாம் புதுசா?" என்று ஒரு கட்சி. "எல்லாத்தையும் அங்கே விட்டுட்டு நடந்தே வந்தாங்க, மறுபடியும் கடல் தாண்டிக் காசைக் கொட்டணுமா?" என்று ஒரு கட்சி. சின்னவர் வீட்டில் இரண்டு கட்சியும் ஒரே பந்தியில் சாப்பிட்டன.

சின்னவர் ஒரு நாள் பெட்டகத்தைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பர்மிய எழுத்து, எல்லாம் வட்டம் வட்டமாக இருந்தது. படிக்க இன்று ஊரில் ஆள் இல்லை. பின்பக்கம் மட்டும் அவருடைய ஐயா (தாத்தா) தமிழில் மசியால் எழுதி வைத்திருந்தார்: "பியாப்போன் நிலம். கடனுக்கு வந்தது."

அந்தக் கடைசி இரண்டு சொற்களில் பர்மாக் கதையே இருக்கிறது. கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) நிலம் வாங்கப் போனவர்கள் அல்லர். 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி முகத்துவாரக் காடு நெல் வயலாக மாறியது. அந்த உழவருக்கு நெல் போடக் கடன் கொடுத்ததுதான் இவர்கள் தொழில். கொடுத்த பணம் திரும்பி வர வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு ஏஜெண்டு மாற வேண்டும், கணக்கை ஐந்தொகையிட்டு (வரவு செலவு பார்த்து முடித்து) ஊருக்குக் கொண்டுவர வேண்டும். பணம் புரண்டுகொண்டே இருந்தால்தான் லாபம். 1930-ல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்தது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1938-ல் 25 விழுக்காடு. எட்டே வருடத்தில் நான்கு மடங்கு. அதைச் செல்வம் என்று எண்ணிப் பெருமைப்படுகிறோம். உண்மையில் அது கையிலிருந்த ரொக்கம் சேற்றில் இறங்கி உறைந்த கணக்கு.

அப்புறம் 1942-ல் ஜப்பான் படை வந்தது. 1948-ல் பர்மா விடுதலை பெற்ற கையோடு நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1963-ல் வங்கிகளும் போயின. விற்று வெளியே வர வாய்ப்பிருந்த காலத்தில் வாங்க ஆள் இல்லை. பிறகு வாய்ப்பே இல்லை.

ஆகவே பர்மா "வெளிநாட்டில் வாங்காதே" என்றும் சொல்லவில்லை, "வாங்கு, உன் இரத்தத்தில் இருக்கிறது" என்றும் சொல்லவில்லை. நிலம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அதைக் காசாக்கி ஊருக்குக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும் என்று கேள் என்றுதான் சொல்கிறது. அந்தத் தாளை நான் கையில் வாங்கிப் பார்த்தபோது ஐயா எழுதிய மசி ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. நிலத்தின் அளவை அவர் தமிழில் எழுதவே இல்லை.

பெரியவரின் ஜோகூர்

பெரியவரின் அப்பச்சி (அப்பா) பதினாலு வயதில் பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசி நிலைக் கடைப்பையனாக, இருந்தவர். தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசத்தைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லியே பெரியவருக்கு மலேசியா என்றால் பாதி சொந்த ஊர். 2013 தொடக்கத்தில் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த வீட்டுக் கண்காட்சிக்குப் போனார். கட்டப்போகும் அடுக்குமாடி, 6,20,000 ரிங்கிட். சிங்கப்பூருக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சிங்கப்பூர் விலையில் கால்வாசி என்றார்கள். அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டார்.

பினாங்குக்கும் ஜோகூருக்கும் இடையே அந்தத் தீபகற்பத்தின் முழு நீளம் கிடக்கிறது. அப்பச்சியின் பினாங்கு அவரை ஜோகூருக்கு இழுத்துக்கொண்டு போனது. ஜோகூரில் அவருக்குத் தெரிந்த ஒரு மனிதர் கிடையாது. அங்கே நம்ம ஆள் யாரு என்று வீட்டில் ஆச்சி (மனைவி) கேட்டதற்கு, கம்பெனியே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று பதில் சொன்னாராம்.

அப்போது எல்ஆர்எஸ் (இங்கே குடியிருப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வழியில் ஒருவர் ஓராண்டில் 2,00,000 டாலர் அனுப்பலாம். 2004-ல் 25,000 டாலராகத் தொடங்கிய வாய்ப்பு அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது. கட்டுமானம் ஏற ஏறத் தவணை கட்டும் ஏற்பாடு. மூன்றாவது தவணை வருமுன் 2013 ஆகஸ்டு வந்தது. ரூபாய் சரிந்துகொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி வரம்பை 75,000 டாலராகக் குறைத்தது. அதோடு இந்தப் பணத்தில் வெளிநாட்டில் அசையாச் சொத்து வாங்கக்கூடாது என்றும் சொன்னது. மறு வருடம்தான் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் பெரியவர் வங்கிக்கும் என் அலுவலகத்துக்கும் நடந்த நடையை நான் மறக்கவில்லை. தவணை தாமதமானதற்கு அங்கே தாமத வட்டி ஏறியது. இங்கே நடப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

அடுத்த அடி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. 2014-ல் வெளிநாட்டார் வாங்கும் வீட்டின் குறைந்தபட்ச விலையை மலேசியா பத்து லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. இது வாங்குபவருக்கான விதி போலத் தோன்றும். ஏற்கெனவே ஆறு லட்சத்துக்கு வாங்கியவருக்கு அது விற்பதற்கான விதி. அவர் வீட்டை இனி வெளிநாட்டார் வாங்க முடியாது, உள்ளூர்க்காரர்தான் வாங்க வேண்டும். அந்தப் பகுதியில் உள்ளூர்க்காரர் தேவைக்கு மேல் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு முதல், வெளிநாட்டார் ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி.

நாணயமும் கைகொடுக்கவில்லை. 2013 தொடக்கத்தில் ரிங்கிட் பதினேழு ரூபாய்க்குச் சற்று மேல். 2023 கடைசியில் பதினெட்டை ஒட்டி. ரூபாய் சரிந்தால் வெளிநாட்டுச் சொத்து காப்பாற்றும் என்பது பொதுவிதி அல்ல, எந்த நாணயம் என்பதைப் பொறுத்தது. அதே பத்து வருடத்தில் திர்ஹாம் பதினைந்து ரூபாய்க்குச் சற்றுக் கீழிருந்து இருபத்திரண்டரைக்கு மேலே போனது. திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ரிங்கிட் அப்படி இல்லை, அதுவும் ரூபாயோடு சேர்ந்து இறங்கியது.

பெரியவர் இதுவரை அந்த வீட்டில் ஓர் இரவு தங்கியிருக்கிறார். சாவி வாங்கப் போன அன்று. வீடு இரண்டு முறை வாடகைக்குப் போனது. பராமரிப்புக் கட்டணம் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. விற்பனைக்குப் போட்டு ஆறு வருடமாகிறது. இதில் என் பிழையும் உண்டு. 2013-ல் அவர் என்னிடம் கேட்டது, பணம் அனுப்பலாமா என்று. அனுப்பலாம் என்று சட்டப்படி சரியான பதிலைச் சொன்னேன். எப்படித் திரும்ப எடுப்பீர்கள் அண்ணே என்று நான் கேட்கவில்லை.

சின்னவரின் துபாய்

சின்னவருக்கு மகள் துபாயில், பதினோரு வருடமாக. மாப்பிள்ளை அங்கே ஒரு கட்டுமானச் சாமான் கம்பெனியில் கணக்கர். மகன் சிங்கப்பூரில். முதலில் சிங்கப்பூரைத்தான் யோசித்தார். டேங்க் ரோடு கோயில், மார்க்கெட் தெருக் கிட்டங்கி (நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய இடம்) என்று குடும்பத்துக்கு அங்கே நூற்றாண்டு உறவு. ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டார் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி மட்டும் 60 விழுக்காடு. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு ஆறு லட்சம் டாலர் வரி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இலங்கையும் ஒரு நாள் பேச்சில் வந்தது. 2014-ல் வந்த சட்டப்படி வெளிநாட்டார் அங்கே நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடி வீடு வாங்கலாம் என்றேன். "ரூபாயை விட்டு இன்னொரு ரூபாயா?" என்று சின்னவர் வீட்டு ஆச்சி அதை அங்கேயே நிறுத்திவிட்டார்.

துபாயில் வெளிநாட்டார் முழு உரிமையோடு வீடு வாங்க வழி திறந்தது 2002-ல். மாப்பிள்ளை முதலில் அனுப்பிய படங்கள் எல்லாம் கட்டப்போகும் வீடுகள். இப்போது இருபது விழுக்காடு, சாவி வாங்கிய பிறகும் மூன்று வருடம் தவணை. இதை நான் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். எல்ஆர்எஸ் வரம்பு இப்போது ஒருவருக்கு ஓராண்டுக்கு 2,50,000 டாலர், ஆனால் 2013 மறுபடி வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. சாவி வாங்கிய பிறகும் ஓடும் தவணையைக் கடன் என்று ஒரு நாள் கருதினால் வேறு தொல்லை. 2008 கடைசியில் துபாய் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தபோது பல கட்டடங்கள் அஸ்திவாரத்தோடு நின்றன. வாங்குபவர் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துக் காக்கும் சட்டம் 2007-லேயே வந்திருந்தும் அப்படி. கட்டி முடித்து ஆள் குடியிருக்கும் வீடாகப் பாருங்கள் என்றேன். மாப்பிள்ளை மூன்று வெள்ளிக்கிழமை அலைந்து ஒன்றைப் பிடித்தார். விலை 11,00,000 திர்ஹாம், டாலரில் மூன்று லட்சத்துக்கு ஒரு மயிரிழை கீழே, நம் பணத்தில் இரண்டரைக் கோடி.

ஒருவர் வரம்பு போதாது. கணவன் மனைவி இருவரும் அனுப்ப வேண்டும். இருவர் பணமும் சேர்ந்து சொத்தாவதென்றால் இருவரும் பத்திரத்தில் உரிமையாளராக இருக்க வேண்டும். ஆச்சி பெயர் பத்திரத்தில் ஏறியது இந்த விதியால்தான். ஏறியதும் பேச்சே மாறிவிட்டது. ஆச்சியின் பாதி அவர் பிறந்த வீட்டுப் பணம், நாற்பது வருடமாகத் தனியாக எழுதி வைத்துக் காத்த பணம். ஒரு மத்தியானம் சிட்டை நோட்டோடு என் அலுவலகத்துக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, வாடகை ஏழு வட்டிங்கறாங்க. கைக்கு எவ்வளவு வரும்? அதை மட்டும் சொல்லுங்க."

இருவருமாகப் போட்ட கணக்கு இது. வாடகை வருடத்துக்கு 80,000 திர்ஹாம், நான்கு காசோலையாக. கட்டடப் பராமரிப்புக்கு 12,600 போகும். துபாயில் வாடகைக்கு வருமான வரி இல்லை. ஆனால் இந்தியாவில் குடியிருப்பவருக்கு உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி உண்டு. வாடகையில் 30 விழுக்காடு கழிவு போக மீதிக்கு, முப்பது விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு, வரி செஸ்ஸோடு 17,500-ஐ ஒட்டி வரும். பராமரிப்புக் கட்டணத்தைத் தனியாகக் கழிக்க இடமில்லை. மீதி ஐம்பதாயிரம். முதலீடு வெறும் பதினோரு லட்சமா என்றால் அதுவும் இல்லை. பதிவுக்கு 4 விழுக்காடு, தரகுக்கு 2 விழுக்காடு. எல்லாம் சேர்த்தால் 11,66,000. ஐம்பதாயிரத்தை அதால் வகுத்தால் நான்கே கால் விழுக்காடு.

"நம்ம ஊரு பேங்குல போட்டா இதுக்கு மேல வருமே" என்றார் ஆச்சி.

வரும்தான். வைப்புநிதி வட்டிக்கு வரி போனாலும் ஐந்தை ஒட்டி நிற்கும். அதற்கு மேல் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி) என்று ஒன்று. 2023 அக்டோபர் முதல் இந்த வகைப் பணம் அனுப்பினால் ஏழு லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 விழுக்காடு பிடித்துக்கொள்ளும். (2025 ஏப்ரல் முதல் பத்து லட்சத்துக்கு மேல்.) வீட்டு விலைக்கு மட்டும் பார்த்தால் இருவருக்குமாக 47 லட்சம். வரிக் கணக்கில் அது திரும்பி வரும், ஆனால் ஒரு வருடத்துக்கு அந்த 47 லட்சமும் தனியாகக் கையில் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் வீடு பேசி முடித்துவிட்டு நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் கேட்ட பிறகு ஆச்சி வேண்டாம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். நோட்டை மூடிவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். விற்கணும்னா எத்தனை நாள் ஆகும்? மாப்பிள்ளைக்கு வேலை போய் அவுக ஊருக்கு வந்துட்டா யாரு பார்ப்பாக? முதல் கேள்விக்கு, குடியிருக்கும் நிலையில் உள்ள வீடு, நியாய விலை சொன்னால் இரண்டு மூன்று மாதத்தில் கைமாறலாம், பணத்தை இங்கே கொண்டுவரத் தடை இல்லை என்றேன். இரண்டாவது கேள்விக்கு மாப்பிள்ளையே பதில் சொன்னார். நம் பக்கத்து ஊர்க்காரர் இருவர் அங்கே சொத்துப் பராமரிப்பே தொழிலாக வைத்திருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு இப்போதே அதிகாரப் பத்திரம் எழுதி வைத்துவிடலாம் என்றார். ஆச்சி சரி என்றார். 2024 ஏப்ரலில் வீடு பதிவானது.

எது முடிவு செய்தது

இந்த இரண்டு குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வாடகை விகிதம் எங்கேயும் முடிவு செய்யவில்லை என்பது தெரியும். பெரியவர் கணக்கே போடவில்லை. ஆச்சி கணக்குப் போட்டு, குறைவு என்று தெரிந்தே வாங்கினார். விசாவும் பேசப்பட்டது, ஆனால் துபாயின் பத்து வருட விசாவுக்குச் சொத்து இருபது லட்சம் திர்ஹாம் இருக்க வேண்டும், அது இவர்களுக்குத் தேவையும் இல்லை. கௌரவத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. பேத்திக்குப் பெண் கேட்டு வந்தவர்களிடம் துபாய் வீடு சொல்லப்பட்டது என்று கேள்வி. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். இந்த வளவின் தேக்குத் தூணும் ஒரு காலத்தில் அதற்காகத்தான் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது.

முடிவு செய்தது ஆள். பெரியவரை இழுத்தது இறந்துபோன அப்பச்சி, சின்னவரை இழுத்தது உயிரோடு இருக்கும் மகள். இருவரும் உறவை நம்பித்தான் போனார்கள். பழைய நகரத்தார் தொழிலில் பணம் போவதற்கு முன்னால் ஆள் போனார். மேலாள், அடுத்தாள், பெட்டியடி என்று கடையில் நம் ஊர் முகங்கள் இருந்த பிறகுதான் பெட்டி திறந்தது. அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது, நல்ல பழக்கம்தான். அது பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது என்பதுதான் என் கவலை. ரங்கூனிலும் நம் ஆள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களும் சேர்ந்தே நடந்து வந்தார்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவற்றில் இரண்டைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்த வீட்டை எழுதுவது. 2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டப்படி எழுதாமல் விட்டால் பத்து லட்சம் அபராதம் விழலாம், பணம் வெள்ளையாகவே போயிருந்தாலும். 2024 அக்டோபரில் இருபது லட்சம் வரையான சொத்துகளுக்குத் தந்த சலுகை அசையாச் சொத்துக்குக் கிடையாது. சின்னவரே முதல் வருடம் மறந்து, நான் எடுத்துச் சொல்லித் திருத்திப் போட்டோம். இன்னொன்று உயில். துபாயில் முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் பதிவு செய்து வைக்க 2015 முதல் தனி ஏற்பாடு இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால், ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாத அந்தச் சுவருக்கும் நாளைக்குப் பங்குதாரர்கள் வந்துவிடுவார்கள்.

போன மாதம் உயில் விஷயமாகச் சின்னவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவரும் வந்திருந்தார். ஜோகூர் வீட்டுக்கு உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விலை கேட்டிருக்கிறாராம், வாங்கியதற்கு ஒரு லட்சம் ரிங்கிட் குறைவாக. கொடுத்துவிடுங்கள் அண்ணே என்றேன். தலையாட்டினார்.

ஆச்சி பெட்டகத்தைத் திறந்து துபாய்ப் பத்திரத்தின் நகலை வைத்தார். பர்மாத் தாள் அதே தட்டில்தான் இருந்தது. நகலின் பின்பக்கம் பால்பாயிண்டில் தமிழில் எழுதியிருந்தார்: வீட்டு எண், யார் பெயரில், என்ன விலை, அதிகாரப் பத்திரம் யாரிடம், எந்த வங்கிக் கணக்கு, உயில் எங்கே பதிவாகியிருக்கிறது. கடைசி வரியில், "விற்கிறதுன்னா முதல்ல மகளுக்குப் போன் பண்ணவும்" என்று எழுதி, எண்ணையும் போட்டிருந்தார்.